எட்டுப் பாகமும் பார்த்தவர்

ஹெலன் அக்கா எங்கள் அலுவலகத்துக்கு வந்த முதல் நாள், கணினியைத் திறப்பதற்கு முன் நாற்காலியைத்தான் பார்த்தார். கைப்பிடியை ஆட்டினார். உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த என்னிடம் கேட்டார்.

“இது எனக்குன்னே குடுத்ததா? மத்தியானம் வேற யாராச்சும் வந்து உக்காருவாங்களா?”

“இல்லக்கா, உங்களுதுதான்.”

“நாளைக்கும்?”

“நாளைக்கும் உங்களுதுதான்.”

“அப்ப சரி” என்று பையிலிருந்து ஒரு சின்னத் தலையணையை எடுத்து முதுகுக்கு வைத்துக்கொண்டார். விசாரிப்பதற்கு முன்பே கொண்டுவந்திருந்தார்.

அதற்கு முந்தைய இருபத்து நான்கு வருடம் அவர் நின்றுகொண்டே வேலை பார்த்தவர். பொம்மசந்திராவில் ஒரு மருந்துக் கம்பெனியில் மாத்திரை அட்டைகளைப் பெட்டிக்குள் அடுக்கும் வேலை. பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கும். ஆள் நின்றுகொண்டே இருக்க வேண்டும். வீடு கோலார் தங்கவயலில். அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சுரங்கத்தை மூடியபோது அக்காவுக்கு இருபத்திரண்டு வயது. அதிலிருந்து அவர் ரயில்காரிதான். இருட்டோடு சாம்பியன் ஸ்டேஷனில் ஏறி, பெங்களூர் வந்து, இரண்டு பஸ் மாறி, நின்று, மறுபடி இரண்டு பஸ், ரயில். நாற்பத்தாறு வயதில் கெண்டைக்காலில் நரம்பு புடைத்து, நீலக் கயிற்றைச் சுற்றி வைத்ததுபோல ஆகிவிட்டது. நிற்கிற வேலையை விட்டால்தான் கால் நிற்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவருடைய கணவர் மதலைமுத்து அண்ணன் ஊரிலேயே எலெக்ட்ரிக் வேலை செய்பவர், ஒரு நாள் கிடைத்தால் இரண்டு நாள் கிடைக்காது. மகன் ஷெர்வின் டிப்ளமோ படிக்கிறான். ஆகவே அக்காவுக்கு வேலையும் வேண்டும், அது உட்கார்ந்து செய்கிறதாகவும் இருக்க வேண்டும்.

அப்படி ஒரு வேலை எங்கள் அலுவலகத்தில் இருந்தது. வைட்ஃபீல்டில், மூன்றாவது மாடியில், நாற்பது நாற்காலி. தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றி மக்கள் எழுதுகிற கருத்துகளைப் படித்துத் தரம் பிரிப்போம். தமிழுக்கு ஒன்பது பேர். நன்றாகத் தமிழ் படிக்கிறவர்கள் வேண்டும் என்று தேடியபோது அக்கா தேர்வுக்கு வந்தார். முப்பது வருடமாக ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வேதப்பாடம் வாசிக்கிறவர். ஐம்பது வரியைக் கொடுத்தார்கள். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, ஏற்ற வேண்டிய இடத்தில் ஏற்றி, முழுக்க வாசித்துவிட்டு, “முடிஞ்சிச்சி” என்றாராம்.

நான் அங்கே அவருக்கு ஏழு மாதம் முன்னால் சேர்ந்தவள். பி.காம். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அப்பா சிவாஜிநகரில் பூண்டு மூட்டை இறக்குகிறார். அம்மா துணிக்கடைக்கு ஓரம் தைக்கிறார். என் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையை அம்மா ராத்திரி ஆணியில் மாட்டும்போது படம் வெளியே தெரிகிற மாதிரி திருப்பி மாட்டுவார். என்ன வேலை என்று யாராவது கேட்டால், “கம்ப்யூட்டர்ல நாடகம் பாக்குற வேலை” என்பார். நாடகம் பார்ப்பதே இல்லை, அதைப் பற்றி எழுதினதைத்தான் படிக்கிறேன் என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன்.

வேலை இவ்வளவுதான். திரையில் ஒரு வரி வரும். கீழே மூன்று பொத்தான்: பிடித்தது, பிடிக்கவில்லை, இரண்டும் இல்லை. எழுதியவரின் பெயர் வராது. ஒரே வரி இரண்டு பேருக்குப் போகும். அந்த இன்னொருவர் யார் என்று தெரியாது. இருவரும் ஒரே பொத்தானை அழுத்தினால் இருவருக்கும் மதிப்பெண். வேறு வேறு என்றால் மூன்றாவது ஆளிடம் போகும். இரண்டு பேர் எந்தப் பக்கமோ அதுதான் சரி. தனியாக நிற்கிறவருக்குப் பிழை. எல்லா வரியும் கணக்கில் வராது; மாதத்துக்கு முந்நூறு வரியை எடுத்து, நூற்றுக்கு எத்தனை என்று பார்ப்பார்கள். மாதக் கடைசியில் எண்பத்தைந்துக்குக் கீழே இருந்தால் அடுத்த மாதம் நாற்காலி இல்லை.

அக்கா வந்த மாதம் முழுக்க ‘ஆழன்’ தொடர் ஓடியது. சித்திரக்கதைப் புத்தகத்தைத் தொடராக எடுத்து, தமிழில் பேசவைத்து, எட்டுப் பாகமாக விட்டிருந்தார்கள். அணைக்கட்டு உடைந்தபோது அடித்துச் செல்லப்பட்ட ஒரு பையன் தண்ணீருக்கு அடியிலேயே வளர்ந்து, பதினொரு வருடம் கழித்து அபார சக்தியோடு மேலே வருகிறான். அவன்தான் ஆழன். அதைப் பற்றி ஒரு நாளைக்கு ஆளுக்கு அறுநூறு வரி எங்களுக்கு வந்து விழுந்தது.

மக்கள் எவ்வளவு கோபமாக இருக்கிறார்கள் என்பது இந்த வேலைக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. புத்தகத்தில் அங்கி கரும்பச்சை, இங்கே ஏன் நீலம் என்று ஒருவர் தினமும் எழுதினார். “புத்தகத்துல அம்மா ரெண்டாம் பக்கத்துலயே செத்துடுவா. இங்க எட்டுப் பாகமும் சமைச்சுக்கிட்டே இருக்கா.” “தண்ணிக்கு அடியில பதினோரு வருஷம் இருந்தவனுக்கு யாருய்யா முடி வெட்டிவிட்டது?” “கிராஃபிக்ஸ் எங்க ஊர் பொருட்காட்சி மாதிரி இருக்கு, அதுல கூட மீன் அசையும்.” “என் பொண்ணு ஆழன் மாதிரி இருக்கேன்னு தண்ணித் தொட்டிக்குள்ள இறங்கி உக்காந்துட்டா, கம்பெனிக்காரன் வந்து தூக்குவானா?” பொறுமையாக எழுதியவர்களும் உண்டு. புத்தகம் வேறு, தொடர் வேறு, இரண்டையும் இரண்டு கண்ணால் பாருங்கள் என்று ஒருவர் முழுப்பக்கம் எழுதியிருந்தார். அவரைத் திட்டி நானூறு பேர்.

அக்கா எல்லாவற்றையும் வாய்விட்டுப் படித்தார். மெதுவாகத்தான், ஆனால் உதடு அசைய, குரல் ஏறி இறங்க. பின்வரிசையிலிருந்து முறையிட்டார்கள்.

“அக்கா, இது சர்ச்சா?”

“வாய்விட்டுப் படிச்சாத்தான்மா இந்தாளு கோவமா இருக்கானா, செல்லமா கோச்சிக்கிறானான்னு தெரியும். கண்ணால படிச்சா எல்லாரும் கோவக்காரனாத்தான் தெரியறான்.”

இரண்டாம் வாரம் மதிப்பெண் வந்தபோது அக்காவுக்கு எழுபத்தொன்பது. எனக்குத் தொண்ணூற்று நான்கு.

எங்கள் குழுவின் தலைவன் அபினவ் அக்காவைக் கூப்பிட்டான். முப்பது வயது இருக்கும். மல்லேஸ்வரத்துத் தமிழ்க் குடும்பம். வீட்டில் தமிழ்தான், ஆனால் படித்ததெல்லாம் கன்னடமும் ஆங்கிலமும். தமிழ் எழுத்துத் தெரியாது. தமிழ்க் குழுவை நடத்த அது தேவைப்படவில்லை. சிவப்பு, பச்சை, எண் மூன்றும் தெரிந்தால் போதும்.

“ஹெலன், நல்லா வேலை பண்றீங்க, பட் நம்பர் வரல. மந்த் எண்ட்ல எண்பத்தஞ்சு இருக்கணும். என் கையில இல்ல இது.”

“யார் கையில இருக்கு தம்பி?”

“சிஸ்டம்.”

அக்கா திரும்பி வந்து உட்கார்ந்தார். தலையணையைச் சரிசெய்தார். “அங்க பெல்ட்டு, இங்க சிஸ்டம்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “அங்க என் இடத்துக்கு இன்னும் ஆள் போடலையாம். சூப்பர்வைசர் போன் பண்ணான். வரியான்றான்” என்றார். பேசும்போதே கை கெண்டைக்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

நான் எனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுத்தேன். “அக்கா, நீங்க ரொம்ப யோசிக்கிறீங்க. எழுதினவன் என்ன நெனச்சான்னு பாக்காதீங்க. இத இன்னொருத்தர் பாத்தா எந்தப் பொத்தான அழுத்துவாங்க? அத அழுத்துங்க. அவ்ளோதான்.”

“அப்ப அவன் சொன்னது?”

“அவன் எங்கயோ இருக்கான். மார்க்கு போடறது பக்கத்துல இருக்கறவங்க.”

என்னை ஒரு மாதிரி பார்த்தார். “இதத்தான் பி.காம்ல சொல்லிக் குடுத்தாங்களா?”

“இத யாரும் சொல்லிக் குடுக்கலக்கா.”

“அதான பாத்தேன்” என்று சிரித்தார்.

உண்மையில் எனக்கு அது எப்படி வந்தது என்று இப்போது யோசிக்கிறேன். கல்லூரியில் முதல் வருடம், ஆசிரியர் கேள்வி கேட்டால் நான் விடையை யோசித்ததில்லை. முன்வரிசையில் இருக்கிற பெண்கள் எப்போது தலையாட்டுகிறார்கள் என்று பார்த்து நானும் ஆட்டினேன். அலுவலகத்தில் எல்லோரும் சிரிக்கும்போது சிரித்தேன். அதே பழக்கம்தான் தொண்ணூற்று நான்காக வந்தது என்று நினைக்கிறேன். ஒரு நாள் அம்மா கேட்டார், “அந்த ஆழன் நல்லா இருக்காமா?” நான் சொன்னேன், “எழுபத்தொரு சதவீதம் நல்லாருக்கு.” அம்மா ஊசியில் நூல் கோர்ப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

அக்கா என் வழியில் இரண்டு நாள் முயன்றார். மூன்றாம் நாள் விட்டுவிட்டார். “பேஜாரா இருக்கு பிரபா. கண்ணு தெரிஞ்சினு கண்ண மூடிக்கிற மாதிரி இருக்கு.”

அன்று மதிய உணவு நேரத்தில் தன் சிவப்புப் பட்டியலை எனக்குக் காட்டினார். தனியாக நின்று பிழை வாங்கிய வரிகளெல்லாம் அதில் இருக்கும். நானும் ஏதாவது வழி கண்டுபிடிக்கலாம் என்று எட்டிப் பார்த்தேன். முப்பத்தொரு வரி. அதில் ஒன்றை அவர் விரலால் தொட்டார்.

“இதப் பாரு. ‘மூணாவது பாகத்துல அந்தம்மா துண்டு எடுக்க உள்ள போனதும் நிறுத்திட்டேன். அதுக்கப்புறம் இன்னும் பாக்கல.’ நான் பிடித்ததுன்னு போட்டேன். ரெண்டு பேரும் பிடிக்கலன்னு போட்டுனுகிறாங்க.”

“நிறுத்திட்டேன்னு சொல்றானேக்கா. பிடிக்காமத்தான நிறுத்துவாங்க?”

“நீ பாத்தியா அந்த எடம்?”

“எந்த எடம்?”

“மூணாவது பாகம்டீ.”

“இல்ல. நீங்க?”

“எட்டும் பாத்தேன். ஷெர்வின் போன்ல ஏத்திக் குடுத்தான். ரயில்ல பாத்துனே வருவேன். பாக்காம எப்பிடி சொல்றது, இந்தாளு சொல்றது ஞாயமா இல்லையான்னு?”

தமிழுக்கு ஒன்பது பேர். யாரும் அந்தத் தொடரைப் பார்த்ததில்லை. பார்க்கச் சொல்லி எந்த விதியும் இல்லை. பார்க்கக் கூடாது என்றும் இல்லை. ஒரு வரிக்கு நாற்பது வினாடி என்கிற கணக்கில் யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அந்த வரியை எனக்குத் தெரியும். ‘துண்டு’ என்ற சொல் ஞாபகம் இருந்தது. போன வியாழக்கிழமை என் திரையில் வந்து, நான் ‘பிடிக்கவில்லை’ அழுத்திய வரி.

என் இடத்துக்குப் போய் என் பழைய பட்டியலைத் திறந்தேன். அக்காவின் முப்பத்தொன்றில் இருபது வரி என் கையால் போயிருந்தன. தெரியாமலேயே அந்த மாதம் முழுக்க அவரோடு ஜோடி சேர்த்தது பெரும்பாலும் என்னைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்றாவது பாகத்தைப் பார்த்தேன். அம்மா பக்கத்தில் தைத்துக்கொண்டிருந்தார். அந்தம்மா, அதாவது ஆழனின் தாய், பதினொரு வருடமாகச் சாயங்காலம் ஆனதும் பின்கதவின் தாழ்ப்பாளை எடுத்துவிடுகிறவள். அன்றைக்குக் கதவைத் திறக்கிறாள். மகன் நிற்கிறான். உடம்பெல்லாம் தண்ணீர் சொட்டுகிறது. அவள் அழவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. மழையில் நனைந்து பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவனைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, துண்டு எடுக்க உள்ளே போகிறாள். திரும்பி வரும்போது வாசலில் ஈரம் மட்டும் இருக்கிறது. பேச்சே இல்லை.

அம்மா எப்போது தையலை நிறுத்தினார் என்று எனக்குத் தெரியாது. “நிறுத்துடி கொஞ்சம்” என்றார். நிறுத்தினேன். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, “மீதிய அப்புறம் பாக்கலாம்” என்றார்.

அந்த வாரம் மெட்ரோவில் போகவர மற்ற ஏழு பாகத்தையும் பார்த்து முடித்தேன். பிறகு அந்த இருபது வரியையும் ஒவ்வொன்றாகப் படித்தேன், உதடு அசைய. பதினெட்டில் அக்கா சொன்னதுதான் சரி. இரண்டில் இல்லை. வில்லனாக வந்த நடிகரை அக்காவுக்குப் பிடிக்காது; அவரைப் பாராட்டியவர்களுக்கும் ‘பிடிக்கவில்லை’ போட்டிருந்தார்.

அபினவிடம் போனேன். அக்கா போட்டது சரி, நாங்கள் போட்டது தப்பு என்றேன். துண்டு வரியை அவனுக்கு வாசித்துக் காட்டி, அந்தக் காட்சியையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான்.

“சூப்பர் சீன்ல? பட் பிரபா, அது அந்த வரியில இருக்கா? வரியில நிறுத்திட்டேன்னு மட்டும்தான இருக்கு?”

“பாத்தவங்களுக்குத் தெரியும்.”

“பாக்கறதுக்கு நமக்கு டைம் குடுக்கலையே. நான் தமிழே படிக்க மாட்டேன், நான் எப்படி ஹெலன் ரைட்டுன்னு எழுதிக் குடுப்பேன்?” கொஞ்சம் யோசித்தான். கெட்டவன் இல்லை. “ஒண்ணு பண்ணலாம். நீ போட்டத நீயே மாத்தலாம். ‘மறுபார்வை’ன்னு பட்டன் இருக்கு. நீ மாத்தினா நீங்க ரெண்டு பேர் ஒரு பக்கம் ஆயிடுவீங்க, அவங்க பிழை போயிடும். எத்தன?”

“பதினெட்டு.”

கணக்குப் போட்டுப் பார்த்தான். “பதினேழு மாத்தினா அவங்களுக்கு எண்பத்தஞ்சு வந்துடும்.” பிறகு குரலைக் குறைத்தான். “ஆனா உனக்குப் பன்னண்டுதான் லிமிட். பதிமூணாவது மாத்தினா சிஸ்டமே உன்ன ட்ரெய்னிங் லிஸ்ட்ல போட்டுடும். ரெண்டு வாரம் வீட்டுல இருக்கணும். அப்புறம் கூப்பிடுவாங்களான்னு... நான் கியாரண்டி சொல்ல மாட்டேன். இதுவரைக்கும் மூணு பேர் போனாங்க. ஒருத்தரும் திரும்பல.”

மாதக் கடைசிக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. அன்று மத்தியானம் மறுபார்வையைத் திறந்தேன். துண்டு வரியை முதலில் மாற்றினேன். அடுத்து, ‘மீனெல்லாம் பொம்மைதான், ஆனா என் தம்பி நெஜம்னு நம்பறான், விடுங்கய்யா’ என்ற வரி. ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுத வேண்டும். ‘காட்சியைப் பார்த்தேன்’ என்றே எல்லாவற்றுக்கும் எழுதினேன். பன்னிரண்டு ஆயிற்று. திரையின் மேலே மஞ்சளாக ஓர் அறிவிப்பு வந்தது: இந்த மாதத்துக்கான திருத்தங்கள் முடிந்தன, தொடரலாமா?

பக்கத்து நாற்காலியில் அக்கா தாழ்ந்த குரலில் யாருடைய கோபத்தையோ படித்துக்கொண்டிருந்தார். நான் என் அட்டையைப் பார்த்தேன். ஆணியில் திருப்பி மாட்டுகிற அம்மாவின் கையை நினைத்தேன். அம்மாவை நினைத்ததால்தான் நிறுத்தினேன் என்று அன்றைக்குச் சொல்லிக்கொண்டேன். இப்போது அப்படிச் சொல்ல முடியவில்லை. அம்மாவிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவில்லை. வேண்டாம் என்கிற பொத்தானை அழுத்தினேன்.

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை அக்காவுக்கு எண்பத்து மூன்று.

அக்கா அந்த எண்ணைப் பார்த்து ஆச்சரியப்பட்டார். “எழுபத்தொம்போதுதான இருந்துச்சி? எப்பிடி ஏறிச்சி?” பட்டியலைத் திறந்தார். சிவப்பாக இருந்த வரிகளில் பன்னிரண்டு பச்சையாகியிருந்தன. விரல் வைத்து எண்ணினார். துண்டு வரிக்கு வந்ததும் நிறுத்தினார்.

“பிரபா, இத பாரேன். யாரோ ஒரு புண்ணியவான் பாத்துட்டு வந்து மாத்திக்கிறான். ‘காட்சியைப் பார்த்தேன்’னு போட்டுனுகிறான்.” அவருக்கு அவ்வளவு சந்தோஷம். நாற்காலி போகிற நாளில் ஒருவர் முகம் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை. “பன்னண்டோட ஏன் நின்னுட்டான்னுதான் தெரியல.”

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“பாவம், அவனுக்கும் வேல இருக்கும்ல” என்றார் அக்கா.

சாயங்காலம் தலையணையை மடித்துப் பைக்குள் வைத்தார். நாற்காலியை மேசைக்குக் கீழே தள்ளி, நேராக இருக்கிறதா என்று பார்த்தார். அபினவ் எழுந்துவந்து, அடுத்த வேலைக்கு ஆள் எடுக்கும்போது கண்டிப்பாகக் கூப்பிடுகிறேன் என்றான். “கூப்புடு தம்பி. உக்கார்ற வேலையா இருந்தா கூப்புடு” என்றார். நான் ஸ்டேஷன் வரை கூடப் போனேன். ஷேர் ஆட்டோவில் ஆறு பேர். அக்கா மடியில் பை, பையில் தலையணை. எனக்குச் சொல்ல இருந்த வாக்கியம் ஒன்றுதான். ஆட்டோ சத்தத்தில் சொன்னால் கேட்காது என்று நினைத்தேன். ஸ்டேஷனில் சத்தம் இல்லை. அங்கே ரயில் வந்துவிட்டது. பெண்கள் பெட்டியில் இடம் இல்லை. கதவோரம் நின்று கையை ஆட்டினார்.

“எட்டாவது பாகத்துல கடைசில அந்தம்மா கதவ தொறந்து வெச்சிட்டே தூங்கறால்ல? அடுத்த சீசன்ல வந்துருவான் பாரு” என்று கத்தினார். பிளாட்பாரத்தில் நின்றவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

திங்கட்கிழமையிலிருந்து அக்கா பொம்மசந்திரா போனார். இது நடந்து பத்து மாதம் ஆகிறது. தினமும் விடிவதற்குள் போனில் ஒரு வேத வசனப் படம் அனுப்புவார், பின்னால் ரோஜாவோ சூரியோதயமோ இருக்கும். அது வந்தால் அவர் ரயில் ஏறிவிட்டார் என்று அர்த்தம். நான் கைகூப்புகிற படத்தைத் திருப்பி அனுப்புவேன். காலுக்கு இப்போது முழங்கால் வரை இறுக்கமான உறை போடுகிறாராம். எத்தனையோ நாள் ‘அக்கா, அந்தப் பன்னிரண்டு’ வரை தட்டியிருக்கிறேன். பிறகு அழித்துவிட்டுக் கைகூப்புவேன்.

அக்காவின் நாற்காலிக்குச் சந்திரன் வந்தான். வேகமான பையன், என்னைப் போலத்தான் அஞ்சல்வழி எம்.காமுக்குப் பணம் கட்டிவிட்டுப் படிக்காமல் இருப்பவன். வந்த மாதமே தொண்ணூற்றாறு.

‘ஆழன்’ இரண்டாம் பருவம் போன மாதம் வந்தது. மறுபடி ஒரு நாளைக்கு அறுநூறு வரி. அங்கி இந்த முறை கரும்பச்சை; நீலம்தான் நன்றாக இருந்தது என்று எழுதுகிறார்கள். நான் இந்த முறை முதல் வாரமே மெட்ரோவில் எல்லாப் பாகத்தையும் பார்த்துவிட்டேன். அதனால் மதிப்பெண் எண்பத்தெட்டுக்கு இறங்கியிருக்கிறது. “என்னாச்சு உனக்கு?” என்று அபினவ் கேட்டான். தூக்கம் இல்லை என்றேன்.

நேற்று மத்தியானம் இந்த வரி வந்தது:

‘அந்தம்மா இந்தவாட்டி கதவ சாத்திட்டாங்க. சாத்தட்டும், எத்தினி வருசம்தான் தொறந்து வெப்பாங்க. அந்த எடத்துல எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சி, ஆனா எட்டும் பாத்துட்டேன். உக்கார எடம் இல்ல, நின்னுனே பாத்தேன்.’

பெயர் வராது. இந்த ஊரில் நின்றுகொண்டே பார்க்கிறவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். தங்கவயல் ரயிலிலேயே நூறு பேர் இருப்பார்கள். நாற்பது வினாடி போய், ஒரு நிமிடம் ஆயிற்று. நான் அதை மறுபடி படித்தேன். குரல் வெளியே வந்துவிட்டது போலிருக்கிறது.

சந்திரன் எட்டிப் பார்த்தான். “என்ன, பாட்டு மாதிரி படிக்கிற? எனக்கும் அது காலையில வந்துச்சு. கதவ சாத்திட்டாங்க, ஒரு மாதிரி ஆயிடுச்சு, உக்கார எடம் இல்ல. எல்லாமே கம்ப்ளெயின்ட்டு. பிடிக்கலன்னு போடு, ரெண்டு பேருக்கும் மார்க்கு.”

“நீ பாத்தியா?” என்றேன்.

“எத?”

நான் ‘பிடித்தது’ என்பதை அழுத்தினேன். அடுத்த வரி வந்தது.